லட்சுமி என்ற பெயரில் கழுவிய கற்கள்

1. துவைக்கிற கல்

என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான் துணி துவைத்துக்கொண்டிருந்த கல்தான்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நாலு துவைகல் கிடந்தன. அதில் அகலமானது என்னுடையது. விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பிடித்துவிடுவேன். எண்பத்திரண்டோ எண்பத்திமூன்றோ, மழை பொய்த்த வருஷம். ஏரியில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். மானாவாரி நிலத்தில் விதைத்த கேழ்வரகு முளைத்த மட்டில் கருகிப்போயிருந்தது. அப்படி ஒரு நாள் கரைமேல் ஒரு ஜீப் வந்து நின்றது. தொல்பொருள் துறைக்காரராம், கண்ணாடி போட்ட ஒருவர் நோட்டும் கையுமாக இறங்கினார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் பழைய கல்லு ஏதாச்சும் இருக்கா? பொம்மை செதுக்கின கல்லு?"

மற்ற பெண்கள் இல்லை என்றார்கள். நான் சொன்னேன்: "என் கல்லுக்கு அடியில ஒரு ஆளு இருக்காருங்க."

துணி பிழியும்போது விரல் கல்லின் அடிப்பக்கம் போகும். அங்கே ஒரு கால், ஒரு வில், ஒரு மாட்டுக் கொம்பு என்று தடவித் தடவியே தெரிந்துவைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

கடப்பாறை கொண்டுவந்து கல்லைப் புரட்டினார்கள். வில் பிடித்த ஒருவன் நின்றான். தலைக்கு மேல் நாலு வரி எழுத்து. அந்தக் கண்ணாடிக்காரர், பிறகு எங்கள் சார் ஆனவர், சேற்றிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல் இது, நடுகல் என்று பெயர், ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார்.

"செத்தவர் முதுகுலயா நான் இத்தன நாளும் சீலை துவைச்சேன்?"

"ஆமாத்தா, அதான் மனுசன் நல்லா வெளுத்திருக்காரு" என்றார் ஜீப் டிரைவர் முனுசாமி. கரை முழுக்கச் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. தேங்காய் நாரை எடுத்து அந்த எழுத்துக்குள் இருந்த சேற்றை ஒரு பொட்டு விடாமல் எடுத்தேன். சார் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கும் வர்றியா?" என்றார். போனேன்.

2. வேலை என்னவென்றால்

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்போது மைப்படிதான். கல்லை முதலில் கழுவ வேண்டும். கம்பி பிரஷ் கூடாது, நார் மட்டும். பிறகு தடித்த பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கல்மேல் ஒட்டி, பன்றிமயிர் பிரஷ்ஷால் மெல்ல மெல்லக் குத்த வேண்டும். குத்தக் குத்தப் பேப்பர் எழுத்தின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். முக்கால்வாசி காய்ந்ததும் துணிப்பொட்டலத்தில் மையைத் தொட்டு ஒத்தி எடுப்பார்கள். மேட்டில் கறுப்பு பிடிக்கும், பள்ளத்தில் இருக்கிற எழுத்து வெள்ளையாகத் தெரியும். உரித்து எடுத்தால் கல் அப்படியே இருக்கும், எழுத்து பேப்பரில் வந்திருக்கும்.

கழுவுவதும் குத்துவதும் என் வேலை. மை வைப்பது சாருடைய வேலை. அதை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார்.

கேட்கச் சுலபமாக இருக்கும். சித்திரை வெயிலில் சுடுகல்லின் முன்னால் முட்டி போட்டு மூன்று மணி நேரம் குத்திப் பாருங்கள். தண்ணீர் எங்கோ இருக்கும், கல் எங்கோ இருக்கும். இரண்டு குடம் இடுப்பிலும் தலையிலும். என் முழங்கால் போனது அந்தக் கற்களின் முன்னால்தான்.

எனக்குப் படிப்பு கிடையாது. மூன்றாம் வகுப்பில் பாதி. எழுத்துக் கூட்டினால் வரும், நேரமாகும். கல்லில் இருந்ததோ வட்டெழுத்து, படித்தவர்களுக்கே வராது. ஆனால் தேய்ந்துபோன கல்லில் எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று என் விரல் சொல்லிவிடும். "இங்க ஒரு வரி இருக்குங்க சார்" என்பேன். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார். பேப்பரில் வந்துவிடும். போகப் போக, சார் கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைத்தான் பார்ப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள். என் பெயர் ஆரோக்கியம். கழுத்தில் சிறு சிலுவை கிடக்கும். வேலைக்குப் போன மூன்றாம் நாளே சார் கூப்பிட்டுச் சொன்னார்:

"இந்தப் பக்கம் பாதிக் கல்லு வேடியப்பன் சாமியா இருக்குது. ஊர்க்காரங்க பொங்க வச்சுக் கும்பிடறாங்க. நீ தொட்டா தகராறு வரும். எனக்கொண்ணும் இல்லம்மா, நம்ம வேலை கெடும். சங்கிலியக் கழட்டி முந்தான முடிச்சுல வச்சுக்க. பேரு கேட்டா லட்சுமின்னு சொல்லு."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேலை நடக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். நானும் கருகின கேழ்வரகை நினைத்துத் தலையாட்டினேன். அன்றிலிருந்து ஊருக்கு ஊர் நான் லட்சுமி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகினேன். வருகைப் பதிவான மஸ்டரை வாரக் கடைசியில் மடித்தபடி நீட்டி, "இங்க வை" என்பார் சார். விரலை வைப்பேன். மடிப்பைப் பிரித்துப் பார்த்ததில்லை.

மூன்று வருஷம் ஓடியது. "உனக்காக எழுதிப் போட்டிருக்கேன். வாட்ச்மேன் வேலை ஒண்ணு காலியாவுது, பெர்மனன்ட். நிழல்ல உக்காந்திருக்கலாம்" என்று சார் சொன்னார். அந்த நிழல் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் தண்ணீர் சுமந்தேன்.

3. கன்னத்தில் கறை

பென்னாகரம் பக்கம் காட்டோரத்தில் ஒரு ஊர். ஊருக்கு வெளியே புங்கமரத்தடியில் ஆள் உயரக் கல், வேடியப்பன். கத்தியும் வில்லுமாக நிற்கிறார். எத்தனை தலைமுறை எண்ணெயோ, மஞ்சளோ, கல்மேல் பாறைபோல் அடை கட்டியிருந்தது. நாங்கள் போன நாலாம் நாள் சாமிக்குப் பொங்கல். பொங்கலுக்கு எப்படியும் சாமியைக் கழுவிப் புதிதாக எண்ணெய் சாத்துவார்கள். அதற்குள் மைப்படி எடுத்துக்கொள்ளுங்கள் என்று பூசாரி ஒத்துக்கொண்டார். வயதானவர், ஒல்லி, காதில் கடுக்கன்.

"எங்க ஊருல ஒரு முறை இருக்குது" என்றார். "கல்லுல கை வைக்கறவங்க மொதல்ல சாமிகிட்டப் பேரச் சொல்லணும். யாரு தொடறாங்கன்னு அவருக்குத் தெரியணும் இல்ல?"

சார் பெயரைச் சொன்னார். முனுசாமி சொன்னார். என்னைப் பார்த்தார்கள்.

"லட்சுமிங்க."

சொல்லிவிட்டுக் கழுவ உட்கார்ந்தேன். எண்ணெய் போக்கும் அரப்புத்தூளும் வெந்நீருமாக இரண்டு நாள் பிடித்தது. அடை உரிந்து முகம் வந்தது. நல்ல முகம். மூன்றாம் நாள் பேப்பர் போட்டோம். அன்றைக்குப் பார்த்து வானம் மூடிக்கொண்டது. பேப்பர் காயவே இல்லை. சாருக்கு மறுநாள் மெட்ராசில் மீட்டிங். தர்மபுரி போய் பஸ் பிடிக்க வேண்டும். வாட்சைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார்.

"சார், இன்னும் ஈரங்க. கன்னத்துப் பக்கம் பேப்பர் லேசா விட்டிருக்கு. வேற துண்டு போட்டு ஒட்டிடறேன்."

"போதும்மா, நேரமில்ல" என்று மையை எடுத்துவிட்டார். ஒத்தினார். ஈரப் பேப்பர், மை இறங்கிவிட்டது. உரித்தபோது சாமியின் இடது கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் உள்ளங்கை அகலம் கறுப்பு. எண்ணெய் குடித்த கல், மையையும் குடித்துவிட்டது.

பின்னால் நின்ற பெண்கள் ஐயோ என்றார்கள். பூசாரி கிட்டே வந்து பார்த்தார். நாளைக்குப் பொங்கல்.

"என்ன சாமி இது?" என்று சாரைக் கேட்டார்.

சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பொம்பள பேப்பரக் கிழிச்சுட்டா."

4. கழுவிய கை

ஜீப் போகும் தடத்தில் ஒரு கட்டை வண்டியை யாரோ குறுக்கே இழுத்துப் போட்டார்கள். கூச்சல் போடவில்லை. பூசாரி மட்டும் பேசினார்.

"கறை மூஞ்சியோட சாமிக்குப் பொங்க வைக்க முடியாதுங்க. யாரு அழுக்கு வச்சாங்களோ அந்தக் கைதான் கழுவணும். பேரச் சொல்லி, செஞ்சதச் சொல்லி, கழுவணும். வேற யாரு கழுவினாலும் அது போவாது. தாயி, வா."

நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். கழுவுவது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. நாலு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சாருக்கு மானம் மிஞ்சும், எனக்கு வேலை மிஞ்சும். அது என் சாமியும் இல்லை. முட்டி போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் என் கையால் கழுவி எடுத்த முகம். கன்னம் கறுத்து நிற்கிறது.

"பேரச் சொல்லு தாயி" என்றார் பூசாரி.

எனக்கு அன்றைக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. வேறெந்தக் காரணமும் சொல்லத் தெரியவில்லை. முடிச்சை அவிழ்த்து சிலுவையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"என் பேரு ஆரோக்கியம். அன்னிக்கிச் சொன்னது பொய்யிங்க."

கூட்டத்திலிருந்து ஒருத்தி கிளம்பினாள். "வேதக்காரியா! அதான பாத்தேன். இவ கைபட்டுத்தான் சாமி மூஞ்சி கறுத்துப்போச்சு!"

"உன் புருசன் மூஞ்சி யாரு கைபட்டுக் கறுத்துது? போடி அந்தப் பக்கம்" என்றார் பூசாரி. சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் என்னிடம் திரும்பினார். "மூணு நாளா அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டோம், நீயும் திரும்பிப் பாத்த. அவரு கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு. இப்பச் சரியாச் சொல்லிட்ட. செஞ்சதையும் சொல்லு, கழுவு."

"கழுவறேங்க. ஆனா மை வச்ச கை என் கை இல்லீங்க. பேப்பர் விட்டிருக்குன்னு சொன்னேன். ஒரு வாட்டிதான் சொன்னேன். அப்புறம் பேசாம நின்னேன். என் தப்பு அவ்வளவுதான்."

எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு சார் வந்து என் பக்கத்தில் முட்டி போட்டார். பெயரைச் சொன்னார். "அவசரத்துல நான்தான் வச்சுட்டேன்" என்றார்.

அரப்பைக் குழைத்துக் கையில் கொடுத்தேன். அவருக்குக் கழுவத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கல்லைப் படித்தவர், ஒரு கல்லைக்கூடக் கழுவியதில்லை.

"அழுத்தாதீங்க சார். உள்ள போயிடும். கீழ இருந்து மேல எடுங்க. கண்ணோரத்துக்கு நார் வேணாம், வேப்பங்குச்சிய மென்னு தர்றேன்."

பூசாரி குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "பரவால்லயே, ஆபீசர் வூட்டுல பாத்திரம் கழுவி வழக்கம் இருக்கும்போல."

"இன்னும் கொஞ்சம் கறுப்பு நிக்குதுங்களே" என்றார் முனுசாமி.

"நிக்கட்டும். வேட்டைக்குப் போற சாமி. வெயில்ல திரிஞ்சா கறுக்காதா?"

பொழுது சாயும்வரை கழுவினோம். சாரின் விரல் நுனி தோல் உரிந்துபோயிற்று. கடைசியில் கன்னத்தில் ஒரு நிழல்போல்தான் இருந்தது. அதன்மேல் பூசாரி எண்ணெய் வைத்தார், மறைந்தது. வண்டியைத் தள்ளிவிட்டார்கள். கிளம்பும்போது, என்னைப் பேசிய அந்தப் பெண்ணே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தா" என்றாள். குடித்தேன்.

மெட்ராஸ் பஸ் போய்விட்டிருந்தது. எங்கள் ஊர் விலக்கில் இறங்கும்போது சார், "வரேம்மா" என்றார். எந்தப் பெயரும் சொல்லவில்லை.

5. நிழலில் உட்காரும் வேலை

நாலைந்து மாதம் ஜீப் வரவில்லை. ரோடு வேலைக்கு ஜல்லி சுமக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கன்னியர் மடத்துச் சிஸ்டரிடம் உட்கார்ந்து என் பெயரை எழுதப் பழகினேன். சிலேட்டில் எழுதி எழுதி அழித்தேன். விரலுக்குக் கல்லின் எழுத்து சுலபமாகப் பிடிபட்டது, பலப்பம் பிடிபட நாளாயிற்று. வேறெந்த வார்த்தையும் அப்போது எழுதப் பழகவில்லை. என் பெயர் மட்டும்.

பிறகு ஒரு நாள் சாரே வீட்டுக்கு வந்தார். கையில் காகிதம். அந்த வாட்ச்மேன் வேலை வந்துவிட்டது. தீர்த்தமலைக்கு நடந்து போகிறவர்கள் இளைப்பாறும் பழைய கல்மண்டபம் ஒன்று. அதில் யாரும் கரி கிறுக்காமல், அடுப்பு மூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தே இருக்கலாம். கடைசி வரைக்கும் பென்ஷன்.

வேடியப்பனைக் கழுவின அந்த நாள் அவர் முகத்தில் இன்னும் இருந்தது. எனக்காகத்தான் அலைந்திருக்கிறார். அது எனக்குத் தெரியும்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார். "மஸ்டர்ல ஆரம்பத்துலேருந்து உன் பேரு லட்சுமின்னுதான் இருக்குது. ஊர்ல ஒண்ணு, ரெக்கார்டுல ஒண்ணுன்னு வேணாமேன்னு அப்ப எழுதிட்டேன். நாலு வருச சர்வீசும் அந்தப் பேருலதான். இப்ப மாத்தினா, மொத நாள்லேருந்து ஆரம்பிக்கணும், இந்த வேலை வேற யாருக்காவது போயிடும். நீ லட்சுமின்னே வச்சிடு. கைநாட்டு போதும். யாரு கேக்கப் போறா?"

என் வீட்டுக்காரர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வை புள்ள" என்றார். "பேரு சோறு போடுமா?"

சார் காகிதத்தை மடித்து நீட்டினார், வழக்கம்போல. நான் வாங்கிப் பிரித்தேன். எழுத்துக் கூட்டினேன். ல. ட். சு. மி. சார் பொறுமையாக நின்றார். என் முழங்கால் அந்த மண்டபத்து நிழலைக் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், நானும் கேட்டேன்.

"சார், அந்தக் கல்லுகிட்ட ஒரு பேரச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"அது உன் சாமியே இல்லையேம்மா."

"சாமி இல்லீங்க. ஆனா கேட்டுதுங்களே."

சார் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். என் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "ஜீப் திரும்ப வந்தா போவியா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தது. தேய்ந்த கல் ஒன்று யாருக்கும் பிடிபடவில்லையாம். புது மஸ்டர், முதல் பக்கம். சார் மடிக்காமல் நீட்டினார். ஆரோக்கியம் என்று எழுதியிருந்தது. அதன் எதிரே நானும் எழுதினேன். என் எழுத்து அவர் எழுத்தைவிடப் பெரிதாக இருந்தது, கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. "பரவால்ல" என்றார்.

அதன்பிறகும் பல வருஷம் தினக்கூலியாகவே கழுவினேன். பெர்மனன்ட் வரவில்லை. சார் மாற்றலாகிப் போனார், வேறு சார்கள் வந்தார்கள். அந்த மண்டபத்தில் வேறொருவர் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். நல்ல மனிதர். நான் குடத்தோடு அந்த வழியாகப் போனால் கூப்பிட்டு உட்காரச் சொல்லுவார். உட்கார்ந்திருக்கிறேன். நிழல் நல்ல குளிர்ச்சிதான்.

இப்போது இரண்டு முழங்காலும் மடங்குவதில்லை. வலிக்கிற நாளில், அன்றைக்கு விரலை வைத்திருக்கலாமோ என்று தோன்றும். தோன்றாது என்று சொன்னால் அதுவும் இன்னொரு பொய். ஆனால் இந்த ஜில்லாவில் நான் கழுவின கற்களில் பின்பாதிக் கல்லுக்காவது என் பெயர் தெரியும். முன்பாதிக் கற்களை நினைத்தால்தான் மனசு சோர்ந்துபோகிறது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இரண்டுதான் இருக்கிறது. பேப்பர் காயாமல் மை வைக்க விடாதீர்கள். ஒரு தடவை சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள், இரண்டு தடவை சொல்லுங்கள், கையைப் பிடித்தாவது நிறுத்துங்கள். இன்னொன்று, மஸ்டரை யாராவது மடித்து நீட்டினால், விரல் வைக்கும் முன்னால் பிரித்துப் பாருங்கள். எழுத்துக் கூட்ட நேரமாகும். ஆகட்டும். பின்னால் நிற்கிறவர்கள் நிற்கட்டும்.